ஏலக்காய் ஸ்டோருக்குள் மாட்டிக்கொண்ட தலைமுடி

என் மகளைக் கட்டப்போகும் பையனின் அம்மா என்னை முதன்முதலில் பார்த்தபோது என் தலையில் முடி இருந்தது. முப்பது வயதிலேயே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன முடி, நான் ஐம்பதைத் தாண்டிய பிறகு, சரியாக அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்திருந்தது.

நடந்தது இதுதான். வீட்டில் கல்யாணப் பேச்சு அடிபட ஆரம்பித்ததும் எனக்குக் கல்யாண ஆல்பத்தை நினைத்து ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மேடை விளக்கு என் மண்டையில் பட்டுத் தெறித்து, தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளைக்குக் கண் கூசி, அவர் பக்கத்தில் நின்ற தன் அக்காவின் கழுத்தைத் தேடுவது போலவெல்லாம் கனவு வந்தது. மதுரைக்கு உரம் விசாரிக்கப் போன சாக்கில் ஒரு டோப்பா வாங்கி வந்து, பீரோவில் என் பழைய பனியன்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்தப் பனியன்களை எவரும் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரி மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள் என்ற தைரியத்தில் கண்ணாடி முன்னால் நின்று மாட்டிப் பார்த்தேன். கறுகறுவென்று, நெற்றியில் ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிற நேர்முடி. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்த மரியாதை முழுசாக வந்து சேர்வதற்குள் கதவு திறந்தது. "இந்தா, அப்பாகிட்ட பேசு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த வீட்டுக்காரி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள்.

திரையில் என் மகள். பக்கத்தில் அவளோடு மதுரையில் ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் பையன். பின்னால் சோபாவில் பையனின் அப்பாவும் அம்மாவும். அவர்கள் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனவள், அங்கிருந்தே அழைத்திருக்கிறாள்.

"வணக்கம் சார்" என்றார் பையனின் அப்பா.

"வணக்கம்" என்றேன். மகளின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நெட்டு சரியில்லை என்று நினைத்தேன். நெட்டு நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கே மறுபடியும் அழைத்தாள், தனியாக.

"அப்பா, அது என்ன?"

"முடி."

"அது தெரியுது. யாரோட முடி?"

"காசு குடுத்து வாங்குனது. இப்ப என்னோடது."

"உங்க அப்பா இந்த வயசுலயும் எவ்வளவு அடர்த்தியா முடி வெச்சிருக்காருன்னு அவங்கம்மா கேக்குறாங்கப்பா. நான் என்ன சொல்றது? அவங்களுக்கு எது வேணா பொறுக்கும், பொய்யி மட்டும் ஆகாது. மூத்த மகனுக்குப் பாத்த பொண்ணு வீட்டுல வயசைக் குறைச்சுச் சொல்லிட்டாங்கன்னு, பத்திரிகை அடிக்கப் போன சம்பந்தத்தையே வேண்டாம்னு நிறுத்துனவங்க."

மூன்று வருடம் காத்திருந்து, எங்களைச் சம்மதிக்க வைத்து, அவர்களையும் சம்மதிக்க வைத்து, கரை வரைக்கும் வந்துவிட்டாள் பிள்ளை. அதை நான் ஒரு கைப்பிடி நைலானை வைத்துக் கவிழ்த்திருக்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை மால்ல சந்திக்கலாம்னு சொல்லிருக்காங்க. பொண்ணு பாக்குறது, தட்டு மாத்துறது எதுவும் இல்லையாம். சும்மா ரெண்டு குடும்பமும் சேந்து சாப்பிடுறது. நீங்களே நேர்ல பக்குவமாச் சொல்லிருங்க. ஆனா அந்த முடியோட வாங்க. வேற தலையோட வந்து நின்னா வாசல்லயே ஆளை அடையாளம் தெரியாது."

"இப்பவே போன்ல உண்மையச் சொல்லித் தொலைங்க" என்றாள் வீட்டுக்காரி. நான் கேட்டேனா?

அடுத்து உடுப்பு விவகாரம். வேட்டி வேண்டாம், பஞ்சாயத்துக்கு வந்த மாதிரி இருக்கும். கோட்டும் வேண்டாம், இன்சூரன்ஸ் விற்க வந்த மாதிரி இருக்கும். லினன் சட்டை, உள்ளே விடாமல் வெளியே விட வேண்டும். கையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு. அடர்நீல பேண்ட். காலுறை தெரியாத ஷூ. சட்டைப்பையில் பேனா, சீப்பு, பஸ் டிக்கெட் எதுவும் இருக்கக்கூடாது. இதெல்லாம் மகள் போட்ட சட்டம். லினனைத் தேய்த்துப் போட்டாலும் கசங்கும், அதுதான் அழகு என்றாள். கசங்கிய சட்டைக்காக நாற்பது வயது வரை என் அம்மாவிடம் ஏச்சு வாங்கியவன் நான். அந்த ஏச்செல்லாம் வீண்.

வீட்டுக்காரிக்கு வீடியோவிலேயே சிகையலங்கார வகுப்பு நடந்தது. பெரிய கிளிப் ஒன்று அனுப்பியிருந்தாள் மகள். "முடியைப் பின்னால ஒண்ணாச் சேத்து, முறுக்கி, மேல தூக்கி, கிளிப்பைக் கவ்விவிடு. ரெண்டு பக்கமும் கொஞ்சம் இழையை இழுத்துவிடு. அவ்வளவுதாம்மா."

வகுப்பு முடிவதற்குள் வீட்டுக்காரி போட்டு முடித்துவிட்டாள். "களையெடுக்கும்போது நான் போடுற கொண்டைதானடி இது. இதுக்கா கிளிப்பு? அங்க குச்சி சொருகுவேன்."

எனக்கும் வகுப்பு இருந்தது. டோப்பாவைச் சீப்பால் வாரக்கூடாது, விரலால் கோத வேண்டும். அடிக்கடி தொட்டுப் பார்க்கக்கூடாது. "ரெண்டு நாளைக்குப் போட்டுக்கிட்டே திரிங்கப்பா. பழகிரும்" என்றாள்.

அங்கேதான் சனி பிடித்தது. சனிக்கிழமையும்கூட.

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. பறித்த பச்சைக்காயை அன்றைக்கே உலர்த்தப் போட வேண்டும். எங்களுக்குச் சொந்தமாக ஸ்டோர், அதாவது அடுப்பு வைத்த உலர்த்தும் கட்டடம், இல்லை. கூலிக்கு உலர்த்தித் தருகிற பொது ஸ்டோர் ஒன்றில்தான் போடுவோம். "நாளைக்கு மதுரை போகணும், இன்னைக்கு மலை எதுக்கு? ஆளுகிட்டச் சொல்லிவிட்டாப் போதாதா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பழகுவதற்காக முடியோடு ஜீப்பில் ஏறினேன்.

தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏத்தா, யாரோ புது சூப்பர்வைசரு வர்றாருடி."

"சூப்பர்வைசரு இல்லக்கா, நம்ம அண்ணேன். மழைக்குத் தலைமேல காக்கா கூடு கட்டியிருக்கு."

"அண்ணே, முட்டை இருந்தா உடைஞ்சிராமப் பாத்து நடங்க!"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை தூறி, கனத்து, பிறகு கொட்டுவது கிடையாது. நேராகக் கொட்டும். மூட்டைகளை ஸ்டோரில் கொண்டுபோய் இறக்கும்போது, தலையிலிருந்து தண்ணீர் சட்டைக் காலருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த எலியை வகிடு எடுத்துச் சீவியது போல இருந்தது டோப்பா.

மழைக்காலத்தில் மலைக்காரர்களின் துணி காய்வது ஸ்டோரில்தான். அடுப்பு எரிகிற முன்னறையில் கயிறு கட்டி, கம்பளி முதல் உள்ளாடை வரைக்கும் தொங்கவிட்டிருப்பார்கள். டோப்பாவையும் அந்தக் கயிற்றில் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கு வெட்கம். ஊரான் ஜட்டிக்குப் பக்கத்தில் என் முடி தொங்குவதா? ஸ்டோர்க்காரர் முன்னறையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். காய் பரப்பிய தட்டுகள் அடுக்கியிருந்த உள்ளறை திறந்துதான் கிடந்தது. தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு நைசாக உள்ளே போய், அடுப்பு அனல் ஓடுகிற சூட்டுக்குழாய்க்கு மேலே இருந்த ஓர் ஆணியில் டோப்பாவை மாட்டிவிட்டு வந்தேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

டீ குடித்து முடித்தும் மழை விடவில்லை. விட்டதும் ஓடிவந்தேன். உள்ளறைக் கதவு சாத்தி, இடுக்கெல்லாம் சாக்கு அடைத்து, அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது.

ஸ்டோர்க்காரர் என்னைவிட மூத்தவர். எல்லையோரத்துக்காரர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும்.

"அண்ணே, கதவைக் கொஞ்சம் தொறங்க. உள்ள ஒரு சாமான் மாட்டிக்கிருச்சு."

"செல்லா?"

"இல்ல."

"பர்ஸா?"

"இல்லண்ணே."

"பின்ன எந்தா?"

துண்டை அவிழ்த்துத் தலையைக் காட்டினேன். காலையில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது முடியோடு பார்த்த மனிதர் அவர். என் மண்டையைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். மறுபடியும் மண்டையைப் பார்த்தார்.

"முழுசும் உள்ளயா?"

"முழுசும்."

சிரிக்கவில்லை அவர். சிரித்திருந்தால்கூடத் தேவலை. "காய் இப்பத்தான் வேர்க்கத் தொடங்கியிருக்கு. பாதியில தொறந்தா பச்சை போயிரும், வெளுத்துரும். விடிஞ்சுதான் தொறப்பேன்."

"அண்ணே, நாளைக்கு மதுரையில என் மக கல்யாணம் பேசப் போறோம். அந்தக் கல்யாணமே உள்ளதான் தொங்குது."

"அதுகூட ராசிங்காபுரத்துக்காரங்க காயும் கிடக்கு. சிலமலைக்காரங்க காயும் கிடக்கு. உங்க காய் ரெண்டு மூட்டை, மிச்சமெல்லாம் ஊர்க்காய். உங்க ஒருத்தர் முடிக்காக ஊர்க்காயை வெளுக்க விடணுமோ? பற்றில்ல."

கெஞ்சினேன். கையைப் பிடித்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது, கொஞ்சம் விறகுப் புகையும் அதற்கு உதவியது. மலையாளத்தில் பற்றில்ல என்றால் முடியாது. பற்றில்ல என்றால் பற்றில்லதான்.

சூடு பார்ப்பதற்காக அந்தச் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அவர் வெப்பமானியைப் பார்க்க டார்ச் அடித்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். என் முடி ஆணியில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அனலில் மெல்ல ஆடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனி மேல்நோக்கி வளைந்தது. நெஞ்சு அடித்த அடியில், டாக்டரிடம் போக வேண்டி வந்தால் நோய்க்குக் காரணம் என்று எதைச் சொல்வது என்ற யோசனை வேறு.

வீட்டுக்காரிக்கு போன் போட்டேன். முழுசும் கேட்டாள். பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்து, "தைரியமா இரு" என்றேன். போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறாள்.

"நல்லதாப் போச்சு. உள்ள தலையோடயே வெரசா இறங்கி வாங்க."

"அந்தம்மாவுக்குப் பொய்யி ஆகாதாம்ல?"

"அதுக்குத்தான சொல்றேன்!"

அன்றைக்கு அங்கேயே சாக்கு மூட்டை மேல் சாய்ந்து கிடந்தேன். விடிந்ததும் கதவு திறந்தது. ஸ்டோர்க்காரர் ஒரு கை காயை அள்ளி வெளிச்சத்தில் காட்டினார். "பாருங்க, என்னா பச்சை! ஒரு காய் வெளுக்கல."

நான் ஆணியைப் பார்த்தேன். நெற்றியில் சரிந்து விழுந்த நேர்முடி போய்விட்டது. பிறந்து ஒரு வாரமான ஆட்டுக்குட்டியின் முதுகு அங்கே மாட்டியிருந்தது. அப்படி ஒரு சுருட்டை. விரலால் கோதினேன். விரல் மாட்டிக்கொண்டது. தண்ணீர் தொட்டு இழுத்தேன். இழுத்த வரைக்கும் வந்து, விட்டதும் சுருண்டது. கையில் வேறு வழியும் இல்லை, வேறு முடியும் இல்லை.

ஜீப் பிடித்துக் கீழே இறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன். கிளிப் கொண்டையும் நீலக் கைத்தறிச் சேலையுமாக வீட்டுக்காரி அவ்வளவு லட்சணமாக நின்றாள். என் தலையைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"கிட்ட வராதீங்க. பாலும் சக்கரையும் போட்டாப் பாயாசம்."

போடி பஸ்ஸில் அந்த வாசனையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே ஆளுக்கு ஆள் அந்த மணம்தான். ஆண்டிபட்டி தாண்டி ஏறியவர்கள்தான் மூக்கைத் தூக்கி இங்கும் அங்கும் பார்த்தார்கள். முன் சீட்டுப் பெரியவர் என் மடியில் மூட்டை ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்: "முதல்ல ஒரு விஷயம் சொல்லிருறேங்க. இது என் முடி இல்ல." அவ்வளவுதான். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மால் வாசலில் மகள் காத்திருந்தாள். சட்டையைப் பார்த்தாள், சரி. மடிப்பைப் பார்த்தாள், சரி. ஷூவைப் பார்த்தாள், சரி. அப்புறம் நிமிர்ந்தாள்.

"அப்பா... சுருட்டையா?"

"கேக்காதத்தா."

அவள் கண் கலங்கியது. அதுவரை எனக்கு இருந்ததெல்லாம் விளையாட்டு பயம்தான் என்று அந்த நிமிடம் தெரிந்தது. இப்போது வந்தது நிஜமான பயம். இவள் மூன்று வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த ஒன்றின் மேல் நான் ஷூ காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

மேலே சாப்பாட்டுக் கடைகள் இருந்த தளத்தில் அவர்கள் மேசை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பையன் எழுந்து நின்றான். பையனின் அம்மா சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் என் நெற்றிக்கு மேலே போய் நின்றுவிட்டது. எனக்கு ஏசிக்கு நேர் கீழே நாற்காலி. காற்று என் தலையில் பட்டு மேசை முழுக்கப் பரவியது.

"இங்க எங்கயோ கேசரி கிண்டுறாங்க" என்றார் பையனின் அம்மா.

"ஆமா, எனக்கும் வருது" என்றார் பையனின் அப்பா. பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு வீடியோவுல முடி படிஞ்சு இருந்த மாதிரி ஞாபகம்."

இதுதான் வாய்ப்பு. மனப்பாடம் செய்தது நாக்கு நுனியில் இருந்தது. நாக்கு என்ன சொன்னது தெரியுமா?

"நெட்டு சார். நெட்டு சரியில்லைன்னா எல்லாமே கொஞ்சம் படிஞ்ச மாதிரிதான் தெரியும்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பையன் தண்ணீர் டம்ளருக்குள் பார்த்தான். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அதிகமாக அதிர்ந்தவன் நான்தான். பையனின் அம்மா கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். சத்தமே வராமல் வைத்தார். சம்பந்தத்தை நிறுத்துகிறவர்கள் ஸ்பூனை இப்படித்தான் வைப்பார்கள் என்று எனக்கு ஏனோ தோன்றியது. உளறியதை உறுதிப்படுத்துவதற்காக, "ஆமா சார், ஆமா சார்" என்று வேகமாகத் தலையை ஆட்டினேன்.

சுருட்டைக்குள்ளிருந்து ஓர் ஏலக்காய் உதிர்ந்து, பையனின் அம்மா முன்னால் இருந்த தயிர்வடையில் விழுந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தோம். நல்ல பச்சை. ஸ்டோர்க்காரர் சொன்னதில் தப்பே இல்லை.

வீட்டுக்காரிதான் வாயைத் திறந்தாள். "அது டோப்பாங்க. நேத்து மழையில நனைஞ்சு, காய் உலத்துற ஸ்டோருக்குள்ள மாட்டிக்கிச்சு. கதவைத் தொறந்து எடுத்துருந்தா நல்லா இருந்துருக்கும். ஊராரு காய் வெளுத்துரும், என் முடி போனாப் போகுதுன்னு இவருதான் தொறக்கவே கூடாதுன்னுட்டாரு."

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் என்னைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. முதல் தடவை புகழ்ந்தாள், அதுவும் முழுப்பொய். உண்மையைச் சொல்லு, சொல்லு என்று ஒரு வாரமாக என்னைப் பிடுங்கியவள்! பையனின் அம்மாவின் முகம் இளகுவதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு அந்தப் புகழைத் தின்றிருந்தால் போதும். மேசைக்கு அடியில் வீட்டுக்காரியின் செருப்பு என் ஷூவை மிதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என்னமோ ஆகிவிட்டது.

"இல்லைங்க" என்றேன். "நான் தொறக்கச் சொல்லித்தான் அழுதேன். கையைப் பிடிச்சுக் கெஞ்சுனேன். ஊர்க்காய் எப்படிப் போனா எனக்கென்னன்னு இருந்துச்சு. ஸ்டோர்க்காரருதான் தொறக்கல. நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான் முப்பது வயசுல இருந்தே மொட்டை. மக கல்யாண ஆல்பத்துல கொஞ்சம் நல்லா இருக்கணும்னு ஆசைப்பட்டேன், வேற ஒண்ணும் இல்ல. பிள்ளைக்கு இதுல சம்பந்தமே இல்லைங்க. உண்மையச் சொல்லிருங்கன்னு முதல் நாளே சொன்னா."

"ஐயோ, இந்த வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா" என்று முனகினாள் வீட்டுக்காரி.

பையனின் அம்மா தயிர்வடையிலிருந்து ஏலக்காயை எடுத்து, தாளில் துடைத்து, முகர்ந்து பார்த்தார். தோள் குலுங்கியது. சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்தினார். பொத்தியும் அடங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"அழுதீங்களா? நெசமாவா?"

"சாமி சத்தியமா அழுதேங்க."

"அதைக் கழட்டுங்க சார், வெக்கையா இருக்கும்" என்றார் பையனின் அப்பா.

கழற்றினேன். ஏசிக் காற்று மண்டையில் பட்டபோது கிடைத்த சுகத்தை இந்தப் பக்கத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. டோப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்திருந்தேன். "கொண்டாங்க பாப்போம்" என்று பையனின் அப்பா வாங்கினார். புரட்டிப் பார்த்தார். உள்பக்க வலையை இழுத்துப் பார்த்தார். முன்னால் முடி கொஞ்சம் ஏறிப்போன மனிதர் அவர். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

"எப்படி இருக்கு சம்பந்தி?"

பையன் "அப்பா!" என்றான். அவன் அலறியதைப் பார்த்த என் மகள் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"எந்திரிக்காதீங்க. அப்படியே உக்காருங்க, மானம் போகுது" என்றார் பையனின் அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்து. பிறகு தயிர்வடைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரி பக்கத்து நாற்காலிக்கு மாறினார். "இவங்க ரெண்டு பேரும் விளையாடட்டும். நாம பேசி முடிப்போம். தையில வெச்சுக்குவோமா?"

"தையின்னாத்தான் தோதுங்க. காய் எடுப்பு அதுக்குள்ள ஓஞ்சிரும்."

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே சம்பந்தி ஒரு ஸ்பூனைத் தூக்கிப் பிடித்து, அதன் முதுகில் தன் சுருட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.